ஐந்து கல் தொலைவுக்குள்

நுழையும்முன்

கட்டடம் என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. எந்த மலையின் கல்லால், எந்த ஆற்றின் மணலால், எவருடைய உழைப்பால் அது எழுந்தது என்னும் கேள்விகளும் அதனுள் அடங்கியுள்ளன. மக்கள் பணத்தில் எழும் அரசு அலுவலகத்தை நோக்கி இக்கேள்விகளை எழுப்பும் உரிமை மக்களுக்கு உண்டு. குமரி மாவட்டத்தின் திருவட்டாற்றை நிலைக்களனாகக் கொண்டு அவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

மழையும் வெயிலும் காத்திருப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிவரும் கோதையாறும் பறளியாறும் வளைத்துச் செல்லும் மேட்டுநிலம் திருவட்டாறு. ஆறு வட்டமிட்டுச் செல்வதால் வட்டாறு என்றும், ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டமையால் திருவட்டாறு என்றும் பெயர்பெற்றது என்பர். நம்மாழ்வாரால் பாடப்பெற்ற தலம் இது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்க, இவ்வூர் இரு பருவமழைகளையும் பெறுகிறது. கொல்லம் ஆண்டின் மாதப்பெயர்கள் இன்றும் வழங்கும் இப்பகுதியில், தென்மேற்கு மழையை இடவப்பாதி என்பர். ஐப்பசியில் மீண்டும் வானம் இருள்கிறது. இடையிடையே வெயில் காயும் நாள்களிலும் காற்றில் ஈரப்பதம் குறைவதில்லை.

குமரி மாவட்டத்தின் ஆறு வட்டங்களுள் திருவட்டாறும் ஒன்று. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருவோர் பலதிறத்தினர். பட்டா மாறுதலுக்காக வரும் உழவர், சாதிச் சான்றுக்காக வரும் மாணவர், முதியோர் உதவித்தொகைக்காகப் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு வரும் பாட்டி, பால்வெட்டு முடித்துக் கைகழுவிய ஈரத்தோடு வரும் ரப்பர்த் தொழிலாளி என அவர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். இவர்கள் அனைவரும் அங்கே செய்யும் பொதுவான செயல் ஒன்று உண்டு. அது காத்திருத்தல். அலுவலகக் கட்டடத்தை வடிவமைப்பவர் முதலில் எண்ணவேண்டியது அலுவலரின் மேசையை அன்று, காத்திருப்போரின் நிழலையே.

மாநிலமெங்கும் நாம் காணும் புதிய அரசுக் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இராமநாதபுரத்தின் வறண்ட வெளியிலும் நீலகிரியின் குளிரிலும் குமரியின் மழையிலும் அதே தட்டையான கான்கிரீட் கூரை, அதே சதுரச் சன்னல், அதே குறுகிய நடைவழி. தட்டைக்கூரை பகல் முழுவதும் வெயிலை விழுங்கி, பிற்பகலில் அவ்வெப்பத்தைக் கீழே இருப்போர் தலைமீது இறக்குகிறது. மழைக்காலத்தில் அதன்மேல் நீர் தேங்குகிறது. சில ஆண்டுகளில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து, காரை உரிந்து விழுகிறது. சன்னலுக்கு மேலுள்ள சிறு தடுப்பு சாய்ந்தடிக்கும் சாரலைத் தடுக்காது. ஆகவே மழை வந்தால் சன்னல் சாத்தப்படும். சன்னல் சாத்தினால் மின்விளக்கும் மின்விசிறியும் வேண்டும். பகல் பதினோரு மணிக்கு விளக்கெரியும் அலுவலகம் இவ்வாறுதான் உருவாகிறது.

மந்திரசாலை

இதே மாவட்டத்தில், தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரத்தில் ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. அது இன்று இயங்கவில்லை, ஆனால் நிற்கிறது. திருவிதாங்கூரின் தலைநகராகப் பத்மநாபபுரம் விளங்கிய காலத்தில், அரசர் தம் அமைச்சர்களோடு கூடி ஆட்சிக் காரியங்களை முடிவுசெய்த மந்திரசாலை அது. கல்குளம் என வழங்கிய இவ்வூரின் பழைய மண்கோட்டை கல்கோட்டையாக மாறியதும், அரண்மனை இன்றுள்ள விரிவைப் பெற்றதும் மார்த்தாண்ட வர்மரின் காலத்தில் (1729–1758). 1795ஆம் ஆண்டளவில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கல்குளம் வட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனையின் பராமரிப்போ கேரள அரசிடமே நீடிக்கிறது. ஒரு மாநிலத்தின் நிலத்தில் நிற்கும் கட்டடத்தை மற்றொரு மாநிலம் பேணிவருவது அரிய ஏற்பாடுதான்.

பூமுகம் எனப்படும் நுழைவு மண்டபத்திலிருந்து குறுகிய மரப்படிகளில் ஏறினால் மேல்தளத்தில் மந்திரசாலையை அடையலாம். வெளியே வெயில் சுடும் நேரத்திலும் அங்கே மங்கிய ஒளியும் தண்மையும் நிலவும். சுவர் இருக்கவேண்டிய இடத்தில் சாய்வாகப் பொருத்திய மரச்சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. அவை காற்றை விடுகின்றன. வெயிலையும் சாரலையும் விலக்குகின்றன. சன்னல்களில் வண்ண அப்பிரகத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. கண்ணாடியைப்போல் ஒளியை ஊடுருவவிடும் அக்கனிமம் கண்கூசாத ஒளியைத் தருகிறது. இருக்கைகள் தாழ்வானவை. தரை கருங்கண்ணாடிபோல் மின்னுகிறது. சுட்ட தேங்காய்ச் சிரட்டையின் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, தாவரச்சாறு ஆகியவற்றைக் குழைத்து இழைத்த தரை அது என்று கூறுவர். நூற்றாண்டுகள் கடந்தும் அதன் மெருகு குன்றவில்லை.

இக்கூடத்தின் தண்மைக்குக் காரணம் மரம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மை அன்று. மதுரை போன்ற வறண்ட நிலத்தில் தடித்த சுவர் பகல்வெப்பத்தை உள்ளே விடாமல் காக்கும். இரவில் அது குளிர்ந்துவிடும். ஈரப்பதம் மிகுந்த குமரியில் இரவும் பகலும் வெப்பநிலை பெரிதாக வேறுபடுவதில்லை. இங்கே உடலுக்கு ஆறுதல் தருவது தடித்த சுவரன்று, தோலின்மேல் படரும் காற்றோட்டமே. அதனால்தான் இந்நிலத்தின் பழைய கட்டடங்கள் சுவரைக் குறைத்துக் கூரையைப் பெருக்கின. செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக்கூரையில் நீர் தங்குவதில்லை. ஓட்டுக்கும் அதன்கீழுள்ள மரத்தட்டுக்கும் இடையே உள்ள வெளியில் சூடான காற்று தேங்கி, முகப்பு முக்கோணத் திறப்பின் வழியே வெளியேறுகிறது. நீண்டு இறங்கும் இறவாரம் சுவரை நனையாமலும் காயாமலும் காக்கிறது. நடுவே முற்றம்; சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, அதனிடத்தை நிரப்பப் பக்கத்து அறைகளின் ஊடாகப் புதுக்காற்று நுழைகிறது. நாஞ்சில் நாட்டின் பழைய நாலுகட்டு வீடுகளும் இதே அறிவின் சிறுவடிவங்களே.

பொருள்களும் அண்மையிலிருந்தே வந்தன. மலைக்காட்டின் தேக்கும் ஈட்டியும், வீட்டுத் தோட்டத்தின் பலாவும், சமவெளியின் பனையும் உத்திரமும் தூணும் கைமரமும் ஆயின. கைமரத்தை இப்பகுதியில் கழுக்கோல் என வழங்குவர். அரண்மனையின் ஏகாந்த மண்டபத்தில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்தெடுத்த தூண் ஒன்று நிற்கிறது. கடற்கரையின் சிப்பி சுண்ணாம்பாயிற்று.

தெரிந்து தெளிவோம்
வெட்டுக்கல் எனப்படும் செம்புரைக்கல்லை நிலத்திலிருந்து வெட்டும்போது கோடரிக்கு இணங்கும் மென்மையுடன் இருக்கும். காற்றுப்பட்ட பின் இறுகிக் கடினமாகும். மேற்குக் கரையோரக் கட்டடங்களின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று இது. மலபாரின் அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807இல் செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை அடியாகக்கொண்டு இதற்கு லேட்டரைட் எனப் பெயரிட்டார்.

ஆயினும் மந்திரசாலையை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ள இயலாது. அது அரண்மனை. அதன் கூரைக்குத் தேவையான மரத்தை வழங்கக் காடு முழுவதும் அரசருக்கு உரியதாக இருந்தது. மேலும், ஊழியம் எனப்பட்ட கூலியற்ற கட்டாய உழைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் திருவிதாங்கூரில் நிலவியது. ஒடுக்கப்பட்ட சாதியினரே அச்சுமையைச் சுமந்தனர். அத்தகைய ஆட்சியில் கல்லும் மரமும் சுமந்த தோள்களுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கேளாமல், அழகை மட்டும் புகழ்ந்து நகர்வது நேர்மையாகாது. பழங்கட்டடத்திலிருந்து காற்றின் அறிவை எடுத்துக்கொள்ளலாம். கூலியின் கணக்கை வேறிடத்தில் கற்கவேண்டும்.

பேக்கரின் செங்கல்

அவ்வேறிடமும் தொலைவில் இல்லை. பத்மநாபபுரத்தை விட்டுத் தலைநகர் சென்ற அதே திருவனந்தபுரத்தில், ஏறத்தாழ நூற்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் குடியேறினார். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டாற்றினார். நாடு திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். சிற்றூரில் கட்டும் வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பவையாக இருத்தல்வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மைலைக் 'கல்' என்பது நம் பழைய வழக்கு. ஐந்து கல் தொலைவு என்பது அளவாகத் தோன்றினும் உண்மையில் அது ஒரு கட்டுப்பாடு.

1945இல் தொழுநோயாளருக்கான மருத்துவமனைகளைக் கட்டும் பணிக்காக பேக்கர் இந்தியா வந்தார். மருத்துவரான எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பகுதியான பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பல்கலைக்கழகம் கற்பித்த கட்டடக்கலை அங்கே உதவவில்லை. மலைவாழ் மக்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கையாண்ட முறையே அவருக்குப் பாடமாயிற்று. 1970ஐ ஒட்டித் திருவனந்தபுரத்துக்கு வந்தபின், அந்நகரின் செங்கல், ஓடு, சுண்ணாம்பு, மரம் ஆகியவற்றைக்கொண்டு ஏராளமான வீடுகளையும் பொதுக்கட்டடங்களையும் எழுப்பினார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2007இல் மறைந்தார்.

பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையம் அவருடைய பொதுக்கட்டடங்களுள் தலையாயது. கேரள அரசின் ஆதரவோடு 1970களின் தொடக்கத்தில் உள்ளூர் மேட்டில் எழுந்த வளாகம் அது. (உள்ளூர் என்பது திருவனந்தபுரத்தின் ஒரு பகுதிக்கே பெயர், இப்பாடத்துக்குப் பொருந்திவந்தது தற்செயலே.) மேட்டைச் சமன்செய்யாமல் அதன் சரிவுக்கேற்பக் கட்டடங்கள் அமைந்தன. மரம் எதிர்ப்பட்டால் சுவர் வளைந்து வழிவிட்டது. நூலகம் வட்டக் கோபுரமாக உயர்ந்து நிற்கிறது. செங்கற்களுக்கு இடையே இடைவெளிவிட்டுக் கட்டிய பின்னல் சுவர்கள் காற்றையும் ஒளியையும் துண்டுதுண்டாக உள்ளே அனுப்புகின்றன. மந்திரசாலையின் மரச்சட்டம் செய்த வேலையை இங்கே செங்கல் செய்கிறது. காட்டுமரத்துக்குப் பதில் சூளைச் செங்கல், அறிவு அதேதான்.

பேக்கர் பரப்பிய இரண்டு முறைகளை இங்கே சற்று விரிவாகக் காண்பது தகும். முதலாவது எலிப்பொறிக் கட்டு. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கற்களைப் படுக்கைவாட்டில் அடுக்குவர். எலிப்பொறிக் கட்டில் அவற்றை விளிம்பில் நிறுத்தி இரு வரிசைகளாக வைப்பர். நடுவே வெற்றிடம் உண்டாகும். குறுக்கே நிற்கும் செங்கல் இரு வரிசைகளையும் பிணைக்கும். மேலிருந்து நோக்கினால் எலிப்பொறியின் அறைபோலத் தோன்றுவதால் இப்பெயர். சுவரின் தடிப்பு குறைவதில்லை. ஆனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் செங்கல் மிச்சமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது.

இரண்டாவது, ஓடு இட்டு நிரப்பும் கூரைத்தளம். தளத்தின்மேல் பாரம் ஏறும்போது அதன் மேற்பகுதி அமுக்கத்துக்கும் கீழ்ப்பகுதி இழுவைக்கும் உள்ளாகிறது. அமுக்கத்தைத் தாங்குவது கான்கிரீட். இழுவையைத் தாங்குவது கம்பி. எனவே கீழ்ப்பகுதியில் கம்பிகளின் இடையே நிற்கும் கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலையில்லை. பாரமாக மட்டும் இருக்கிறது. அவ்விடத்தில் பழைய கூரை ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டால் சிமென்டும் கம்பியும் குறைகின்றன, தளம் இலேசாகிறது, ஓடுகளின் இடையே சிக்கிய காற்றால் அறையும் குளிர்கிறது. இடிந்த வீட்டின் ஓடு புதிய கட்டடத்தின் கூரைக்குள் மறுபிறவி எடுக்கிறது.

சிமென்டைக் குறைப்பதில் ஏன் இத்தனை அக்கறை? சுண்ணாம்புக்கல்லை உயர்வெப்பத்தில் சுடும்போது எரிபொருளிலிருந்து வெளிப்படும் கரியமில வாயு ஒருபுறம். அக்கல்லிலேயே பிணைந்திருந்து விடுபடும் கரியமில வாயு மறுபுறம். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியால் விளைவது.

பேக்கரின் கணக்கில் இதற்கிணையான மற்றொன்றும் இருந்தது. ஆலைப்பொருள்களைக்கொண்டு கட்டும்போது செலவின் பெரும்பகுதி தொலைவிலுள்ள ஆலைக்கும் அதை ஏற்றிவரும் லாரிக்கும் போய்ச்சேர்கிறது. செங்கல்லைப் பின்னிக் கட்டும்போதும் மரத்தை இழைக்கும்போதும் அதே பணம் கொத்தனார், தச்சர், சித்தாள் ஆகியோரின் கூலியாக ஊருக்குள்ளேயே சுழல்கிறது. பூச்சு இல்லாத சுவரில் பிழையை மறைக்க முடியாது. ஆகவே கைத்திறனுக்கு மதிப்பு கூடுகிறது. அரண்மனை கற்பிக்காத கூலிக்கணக்கு இதுவே.

அரசுப் பொறியாளர்கள் தொடக்கத்தில் இம்முறைகளை ஐயத்தோடு நோக்கினர். அப்போதைய கேரள முதலமைச்சர் சி. அச்சுத மேனன் துணைநின்றார். பின்னர் 1985இல் பேக்கர், ராஜ் ஆகியோரோடு சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பை நிறுவியோருள் அவரும் ஒருவர். 1980களின் நடுப்பகுதியில் கொல்லத்தில் தோன்றிய நிர்மிதி கேந்திரம், கொத்தனார்களுக்கு இம்முறைகளில் பயிற்சியளித்து, அரசுக் கட்டடங்களையும் கட்டித்தந்தது. அம்மாதிரி பின்னர் நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது.

எது உள்ளூர்ப் பொருள்?

இனித் திருவட்டாற்றுக்குத் திரும்புவோம். ஐந்து கல் தொலைவுக்குள் கிடைப்பது எது என்னும் கேள்விக்கு அரண்மனைக் காலத்தில் விடை எளிது: மலை, காடு, ஆறு. இன்று அவ்விடையைச் சொல்லத் தயங்கவேண்டியுள்ளது. மலைகள் பாறைக்குழிகளாகக் குடையப்படுகின்றன. ஜல்லியும் செயற்கை மணலும் ஏற்றிய லாரிகள் எல்லை கடந்து செல்வது மாவட்டத்தில் பலமுறை போராட்டங்களுக்குக் காரணமாயிற்று. ஆற்றுமணல் அள்ளிய இடங்களில் நீர்மட்டம் தாழ்ந்தது. காட்டுமரம் இன்று காப்புக்காட்டின் சொத்து. செங்கல்லுக்காகக் குளத்தடி மண்ணையும் வயல்மண்ணையும் அளவின்றி எடுத்தால் நாஞ்சில் நாட்டின் நெல்வயல் மேலும் சுருங்கும். ஆகவே, அருகில் கிடைப்பதாலேயே ஒரு பொருள் நல்ல பொருளாகிவிடாது. எடுத்த பின்னும் மீண்டும் விளைவதும், எடுத்த இடத்தைப் புண்படுத்தாததும், ஏற்கெனவே பயன்பட்டு மீந்ததுமே இன்று உள்ளூர்ப் பொருள் எனத்தக்கது. காந்தியடிகளின் அளவுகோலோடு இந்த நிபந்தனையும் சேர்ந்தாகவேண்டும்.

இந்நிபந்தனையோடு நோக்கினாலும் திருவட்டாறு வறிய ஊரன்று. தமிழ்நாட்டில் ரப்பர் மிகுதியாக விளைவது குமரி மாவட்டத்தில்தான். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றிய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக்கன்றுகளை நடுவர். முன்னாளில் விறகாகவே எரிந்த அம்மரத்தை, வெட்டிய சில நாள்களுக்குள் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்தினால் பூஞ்சையும் வண்டும் தாக்கா. மழைபடும் இடத்துக்கு அது உதவாது. உள்தடுப்பு, அலமாரி, மேசை, இருக்கை ஆகியவற்றுக்கு நன்கு பயன்படும். முதிர்ந்த பனையின் வைரம் பாய்ந்த வெளிப்பகுதி கைமரத்துக்கு ஏற்றது. பழைய நாலுகட்டு வீடுகள் இடிபடும்போது ஓடும் நிரைப்பலகையும் வெட்டுக்கல்லும் விலைக்கு வருகின்றன.

அடித்தளத்துக்காகத் தோண்டும் செம்மண்ணும் இருக்கிறது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இத்துறையில் நீண்டகாலமாக ஆய்வு நடைபெறுகிறது. சரளை, மணல், வண்டல், களி ஆகியவை முறையே 15, 50, 15, 20 விழுக்காடு என்ற அளவை ஒட்டிக் கலந்த மண்ணே சிமென்ட் சேர்த்து அழுத்தும் கட்டிகளுக்கு ஏற்றது என்பது அவர்கள் கண்டது. ஏறத்தாழ 5 விழுக்காடு சிமென்ட் சேர்த்து, கைப்பொறியில் அழுத்தி, ஈரம் காயாமல் நான்கு வாரங்கள் பதப்படுத்தினால் அம்மண் சூளையில் சுடாமலேயே சுவர்க்கல்லாகிறது. இத்தகைய மண்கட்டிகளால் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992இல் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரிலான விருது கிடைத்தது. எனினும் திருவட்டாற்று மண் ஆரோவில் மண் அன்று. களி மிகுந்திருந்தால் கட்டி வெடிக்கும்; மணல் மிகுந்திருந்தால் உதிரும். கண்ணாடிக் குப்பியில் மண்ணையும் நீரையும் குலுக்கி வைத்தால் ஒருநாளில் படியும் அடுக்குகளே முதல் விடையைச் சொல்லிவிடும். ஆய்வகச் சோதனை அதன்பின் வரும்.

தெரிந்து தெளிவோம்
திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் 22 அடி நீளப் பள்ளிகொண்ட திருமேனி கல்லால் செதுக்கியதன்று. மண், பிசின், மூலிகைச்சாறு முதலியவற்றைக் குழைத்து உருவாக்கும் 'கடுசர்க்கரை யோகம்' என்னும் முறையில் அமைந்தது.

ஓர் அலுவலகம் எழுகிறது

மேற்கண்டவற்றைக்கொண்டு திருவட்டாற்றில் ஓர் அலுவலகத்தைக் கற்பனையில் எழுப்பிப் பார்க்கலாம். கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, அகன்ற முகங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கட்டும். மாலைவெயில் சுடும் மேற்கில் சன்னலற்ற எலிப்பொறிச் சுவர். அதன் பின்னே படிக்கட்டும் கழிப்பறைகளும். நடுவே முற்றம். முற்றத்தைச் சுற்றி எட்டடிக்குக் குறையாத அகலத்தில் தாழ்வாரம். அதன் ஓரமெங்கும் அமர்வதற்கேற்ற திண்ணை. காத்திருப்போருக்கென்று தனி அறை வேண்டியதில்லை, தாழ்வாரமே அவ்வறை. சாய்தளம் திண்ணையின் மட்டம்வரை ஏறவேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் பின்வாசலைத் தேடி அலையக்கூடாது. ஓட்டுக்கூரையின் இறவாரம் நான்கடி நீளட்டும். தாழ்வாரத்துக்கும் அலுவலகக் கூடத்துக்கும் இடையே பின்னல் சுவர். பகலில் படிப்பதற்கு வேண்டிய வெளிச்சம் முற்றத்திலிருந்து வரும்.

எல்லாவற்றையும் மண்ணிலும் மரத்திலும் கட்டவேண்டும் என்னும் பிடிவாதமும் தேவையில்லை. நிலப்பதிவேடுகள் வைக்கும் அறைக்குத் தீயும் கரையானும் ஈரமும் பகை. அவ்வறைக்கு ஓடு இட்டு நிரப்பிய கான்கிரீட் தளமும் உயர்த்திய தரையும் பொருந்தும். திருவட்டாற்றுக்கு அருகே மாத்தூரில் 1966இல் எழுந்த தொட்டிப்பாலம், பறளியாற்றின் பள்ளத்தாக்கைக் கடந்து நூறடிக்கும் மேலான உயரத்தில் பாசன நீரைக் கொண்டுசெல்கிறது. காமராசர் ஆட்சிக்காலத் திட்டமான அதனை ஓட்டாலும் மரத்தாலும் கட்டியிருக்க முடியாது. வேறு பொருள் செய்யவியலாத வேலையைக் கான்கிரீட் செய்வதில் குறையொன்றும் இல்லை.

மழைநீர் பற்றிய கணக்கு எளியது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். கூரையின் பரப்பு 500 சதுர மீட்டர், ஆண்டுமழை 1,500 மில்லிமீட்டர் எனக்கொண்டால் ஓராண்டில் 7,50,000 லிட்டர் நீர் அக்கூரையில் விழும். அதில் ஒரு பகுதியைத் தொட்டியில் தேக்கினாலே கழிப்பறைகளுக்கும் தோட்டத்துக்கும் போதும்; எஞ்சியதை நிலத்துக்குள் இறக்கலாம்.

இத்தகைய அலுவலகங்கள் ஏன் பரவலாக எழவில்லை என்பதற்குத் தொழில்நுட்பம் காரணமன்று. அரசுப் பணிக்கு மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர், ஒவ்வொரு வேலைக்கும் விலை குறித்த அட்டவணையைக்கொண்டே கணக்கிடுவார். கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் அதில் இடம் உண்டு. மண்கட்டிக்கோ பழைய ஓட்டுக்கோ இடமில்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்புதல் பெறவேண்டும், தணிக்கையில் விடைசொல்லவேண்டும். கோப்பு நகரவேண்டுமென்று விரும்பும் எவரும் அச்சுமையை ஏற்கத் தயங்குவர். ஒப்பந்தப்புள்ளியில் வெல்பவர் குறைந்த தொகை கேட்டவர்; அவருடைய ஆள்களுக்கு எலிப்பொறிக் கட்டு தெரிந்திருக்கவேண்டும் என்னும் விதியும் அதில் எழுதப்படுவதில்லை. ஒரு மாவட்டத்தின் கட்டடங்களை எந்தப் பொருளில் கட்டுவது என்பதை, மண்ணைவிட அதிகமாக அந்த அட்டவணையே முடிவுசெய்கிறது.

பராமரிப்பிலும் இதே சிக்கல் உண்டு. ஓட்டுக்கூரை ஆண்டுதோறும் கவனிப்பைக் கேட்கும். இடவப்பாதிக்கு முன் ஒருவர் ஏறி, உடைந்த ஓட்டை மாற்றி, சருகை வழித்து, கைமரத்தில் கரையான் ஏறியுள்ளதா எனத் தட்டிப் பார்க்கவேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் நிற்பது தேக்கின் வலிமையால் மட்டுமன்று. அதைப் பேணுவதற்கென்றே பணியாளர்கள் இருப்பதாலும்தான். அரசு அலுவலகங்களிலோ கட்டுவதற்குப் பெருந்தொகை ஒரே முறையில் ஒதுக்கப்படுகிறது. பேணுவதற்கான சிறுதொகை ஆண்டுதோறும் கிடைப்பது அரிது. ஆகவே, பேணாமல் விட்டாலும் பத்தாண்டு நிற்கும் கட்டடத்தையே அதிகாரிகள் விரும்புகின்றனர். கட்டடத்தின் மொத்தச் செலவில் முப்பது ஆண்டு மின்கட்டணத்தையும் பழுதுபார்ப்பையும் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தால் இரண்டு கட்டடங்களின் விலையும் வேறுவிதமாகத் தோன்றும். அந்த மதிப்பீட்டுத் தாளில் ஓடு மாற்றுபவரின் ஆண்டுக்கூலிக்கும் ஒரு வரி இருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பழைய வீடு ஒன்றையும் அரசு அலுவலகம் ஒன்றையும் பிற்பகல் மூன்று மணிக்குப் பார்வையிட்டு, அவற்றின் வெளிச்சம், காற்றோட்டம், வெப்பம் ஆகியவற்றை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுக.

2. உங்கள் பகுதிக் கொத்தனார், தச்சர் ஆகியோரிடம் உரையாடி, கட்டடத்தின் உறுப்புகளுக்கும் கருவிகளுக்கும் வழங்கும் வட்டாரச் சொற்களைத் தொகுக்க.